பயத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஃப்ட், நாய், ஊசி, உயரம், மேடை, கரப்பான் பூச்சி என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப எதிர்கொண்டு பயத்தை அடக்கும் முறையை மனநல மருத்துவத்தில் எக்ஸ்போஷர் தெரபி என்கிறார்கள். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பயப்படுகிற விஷயத்தையே மறுபடி மறுபடி பார்த்தால் பயம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. அதுவும் குறிப்பிட்ட ஒரு பொருளையோ இடத்தையோ கண்டு வரும் பயத்துக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் சிகிச்சை வேறு இல்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பயமும் புளிக்கும்.

ஆனால் துடைத்து எடுத்தது போல மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளங்கை லேசாக வியர்த்தபடியே லிஃப்டில் ஏறி எட்டாவது மாடிக்குப் போய் வேலையைப் பார்க்க முடிகிறது என்றால் அதுவே வெற்றிதான். "பயம் முழுசா போனதும் ஏறுகிறேன்" என்று காத்திருப்பவர் கடைசிவரை படியேறிக்கொண்டிருப்பார்.

ஒதுங்கிப் போனால் பயம் தானாகக் குறையாதா? ஏன் கூடுகிறது?

லிஃப்ட் கதவு திறக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. "நீங்க போங்க, நான் படியில வர்றேன்" என்கிறீர்கள். முதல் மாடித் திருப்பத்துக்குள் படபடப்பு அடங்கி, 'அப்பாடா' என்று இருக்கிறது. வினையே அந்த 'அப்பாடா'வில்தான் இருக்கிறது. 'ஏறவில்லை, அதனால் தப்பித்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை கதவு திறக்கும்போது அந்தக் கணக்கைக் காட்டி இன்னும் பலமாகப் பயமுறுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1947-லேயே இதை விளக்கிவிட்டார்: பயம் ஒரு வழியில் தொற்றிக்கொள்கிறது, தப்பித்ததால் கிடைக்கும் நிம்மதி அதை அப்படியே காப்பாற்றி வைக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. அடுப்பு அணைந்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும் நாடாது, ஏனென்றால் அணைந்தது தெரிய அது பக்கத்தில் போயிருக்க வேண்டும். இதோடு பயம் பரவவும் செய்யும். முதலில் லிஃப்ட். அப்புறம் ரயில் கழிவறையில் தாழ்ப்பாள் போடாமல் கதவைக் கையால் பிடித்துக்கொள்வது. அப்புறம் முதுகு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த, குழாய் போன்ற கருவிக்குள் படுக்க வைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனைத் தள்ளிப்போடுவது.

இதை யார் கண்டுபிடித்தது?

கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஜெர்மானியக் கவிஞர் கோத்தேயை எனக்குப் பிடிக்கும். 1770-ல் சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குப் போனபோது அவருக்கு இருபது, இருபத்தொரு வயது. உயரத்தில் நின்றால் தலை சுற்றும். அந்த ஊர்த் தேவாலயக் கோபுரம் 142 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். கோத்தே தன்னந்தனியாக அதன் உச்சிவரை ஏறுவார். மேலே கிரீடம் போன்ற பகுதிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிடித்துக்கொள்ள அதிகம் எதுவும் இல்லாத ஒரு சின்னத் தளத்துக்கு வெளியே வந்து நிற்பார். அந்த உயரம் தனக்குச் சாதாரணமாகத் தோன்றும்வரை இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததாக வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். பெரிய சத்தம் ஆகாது என்பதால் முரசு அடிப்பவர்களின் பக்கத்திலேயே நடந்ததையும், இருட்டுப் பயத்துக்காக இரவில் கல்லறைப் பக்கம் போனதையும் சொல்கிறார். பின்னாளில் மலையேறும்போதும் உயரமான கட்டடங்களின் விட்டங்கள்மீது நடக்கும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுத்ததாம். வைத்தியரும் கிடையாது, மாத்திரையும் கிடையாது.

சிகிச்சையாக இதைச் செய்து பார்த்து எழுதி வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். அவர் கட்டுரை 1924-ல் வெளிவந்தது. பீட்டர் என்ற ஏறக்குறைய மூன்று வயதுப் பையனுக்கு முயல் என்றால் அலறல். பஞ்சையும் விலங்கு ரோமக் கோட்டையும் கண்டாலும் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் வைத்த முயலைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நாளாக ஆகக் கூண்டு கிட்டே வந்தது. கடைசியில் தன் விரலை முயல் கொறிப்பதற்கும் அவன் விட்டான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். உடம்பைத் தளர்த்தி ஓய்வாக வைத்துக்கொண்டுதான் பயத்தைச் சந்திக்க வேண்டும் என்பது வோல்பேயின் கொள்கை. அந்தத் தளர்த்தல் கட்டாயமில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது.

சரி, நான் எங்கிருந்து தொடங்குவது?

பேப்பரும் பேனாவும் எடுங்கள். முதல் வேலை, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதை உடைத்து எழுதுவது. 'லிஃப்ட்னா பயம்' என்பது போதாது. லிஃப்டுக்குப் பயப்படும் மூன்று பேரை உட்கார வைத்துக் கேட்டால் மூன்று பயம் வரும். ஒருவருக்குக் கயிறு அறுந்து விழுந்துவிடும் என்று. இன்னொருவருக்குக் கரண்ட் போய் நின்றுவிடும், காற்று தீர்ந்து மூச்சு முட்டும் என்று. மூன்றாமவருக்கு இது இரண்டும் கவலை இல்லை. உள்ளே தான் கத்திவிடுவோம், அழுதுவிடுவோம், பக்கத்தில் நிற்கிற மேனேஜர் பார்த்துவிடுவார் என்று. மூன்றாமவர் ஆளில்லாத லிஃப்டில் நூறு தடவை போய் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. அவர் ஆட்களோடு போக வேண்டும்.

அடுத்து, எட்டு பத்துச் சூழ்நிலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போடுங்கள். மூச்சு முட்டும் என்று பயப்படுபவரின் பட்டியல் இப்படி இருக்கலாம். லிஃப்டுக்கு வெளியே நின்று ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்ப்பது, 20. ஒருவர் பட்டனை அழுத்திக் கதவைத் திறந்தே வைத்திருக்க, உள்ளே போய் நின்றுவிட்டு வருவது, 35. கதவை மூடி, எந்த மாடிக்கும் பட்டன் அழுத்தாமல் அப்படியே நிற்பது, 50. ஒரு மாடி மட்டும், மேலே தெரிந்தவர் காத்திருக்க, 55. அதே ஒரு மாடி தனியாக, 70. கடைசி மாடிவரை தனியாக, 80. வேறு ஏதோ ஒரு பழைய கட்டடத்தில், ஆடி அசைந்து போகிற சின்ன லிஃப்டில், 95.

30, 40 உள்ள இடத்தில் ஆரம்பியுங்கள். 10-ல் ஆரம்பித்தால் மூளைக்குப் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை, 95-ல் ஆரம்பித்தால் மறுநாள் வரமாட்டீர்கள். அதற்காக ஏணிப் படிபோல ஒன்றுவிடாமல் வரிசையாக ஏற வேண்டும் என்றும் இல்லை. இரண்டு மூன்று படி பழகியதும் கலைத்துப் போட்டு, இன்று 50, நாளை 80, மறுநாள் 55 என்று போவது இன்னும் நல்லது. நிஜ வாழ்க்கையும் வரிசையாக வருவதில்லையே.

லிஃப்ட் பாதுகாப்பானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் ஏன் உடம்பு நடுங்குகிறது?

தெரிந்தது புத்திக்கு. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா ஓட்டிஸ் 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் லிஃப்ட் மேடைமேல் தானே நின்றுகொண்டு, கூட்டத்தின் முன்னால் கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கித் தானாகப் பிடித்து நின்றது. அந்த ஏற்பாட்டின் வழிவந்த பிடிப்புகள் இன்றைய லிஃப்டிலும் உண்டு. தொங்கவிடுவதற்கு ஒரு கயிறு மட்டும் இருப்பதில்லை, பல எஃகு வடங்கள் இருக்கும். காற்று போய்வர இடைவெளி உண்டு, கூண்டு ஒன்றும் மூடி ஒட்டிய டப்பா கிடையாது. இதையெல்லாம் படித்து முடித்துவிட்டு நேராகப் படிக்கட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. பயத்தை எழுப்பும் மூளைப் பகுதிக்குப் படிக்கத் தெரியாது, போய் நின்றால்தான் தெரிந்துகொள்ளும். நூறு பக்கத் தகவல் செய்யாததை ஐந்து நிமிடம் உள்ளே நிற்பது செய்யும்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? பயம் இறங்கும்வரையா?

முன்பு அப்படித்தான் சொன்னார்கள். மதிப்பெண் பாதியாகக் குறையும்வரை இருங்கள் என்பார்கள். இப்போது மிஷெல் கிராஸ்கே போன்ற ஆய்வாளர்கள் வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். பயம் அங்கேயே இறங்கியதா என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. 'இப்படி ஆகும்' என்று நீங்கள் எதிர்பார்த்தது நடந்ததா, நடக்கவில்லையா என்பதுதான் கேள்வி. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பாடமும் ஆழமாகப் பதியும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், பயப்படுகிற ஆள் நடுங்கிக்கொண்டே போய் வந்தாலும் தேறிவிடுகிறார். தைரியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் போவதற்கு முன் ஒரு வரி, வந்தபின் ஒரு வரி எழுதுங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது. ஏனென்றால் வந்தபின் மனசு பேச்சை மாற்றும், 'இன்னிக்கு ஏதோ அதிர்ஷ்டம்' என்று. எழுதி வைத்தது மாறாது. மாதிரிக்கு:

முன்: 'மூணாவது மாடி தாண்டறதுக்குள்ள மூச்சு நின்னுடும். 80.'

பின்: 'நிக்கல. வேர்த்தது. பக்கத்துல நின்னவர் போனையே பாத்துட்டு இருந்தார், நான் நடுங்கினது அவருக்குத் தெரியவே இல்ல. 50.'

மாதம் ஒருமுறை பெரிய சாகசம் செய்வதைவிட, தினமும் சின்னதாக ஒன்று செய்வது மேல். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டீர்களா? பரவாயில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அதே நாளில், முடிந்தால் அடுத்த சில நிமிடங்களில், இன்னும் எளிதான ஒரு படிக்காவது திரும்பிப் போங்கள். ஓடியதோடு நாள் முடியக் கூடாது.

துணைக்கு ஆள் கூட்டிப் போகலாமா? கையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை, சாமி படம்?

தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பிறகு ஒவ்வொன்றாக விட வேண்டும். எதற்கென்றால், கூட வந்த தம்பிக்கும் பர்ஸில் இருந்த மாத்திரைக்கும் பேர் போய்விடும். 'அவன் இருந்தான், அதனால்தான் ஒண்ணும் ஆகலை' என்று மனசு சொல்லிவிட்டால் பட்ட கஷ்டமெல்லாம் வீண். கண்ணுக்குத் தெரியாத துணைகளும் உண்டு: கண்ணை இறுக மூடிக்கொள்வது, ஒன்று இரண்டு எண்ணுவது, போனில் யாரிடமாவது பேசிக்கொண்டே போவது, கதவோரமாகவே நிற்பது. கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே ஏறுகிறவரைச் சொல்லாதே என்று நான் சொல்லமாட்டேன், அது அவர் நம்பிக்கை. லிஃப்டில் ஏறுவதற்கு மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ளும் கேடயமாக அது ஆகிவிட்டதா என்பதை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் பூஜை அறையில் நிதானமாகச் சொல்லிவிட்டு, லிஃப்டில் வாயை மூடிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே? கிணற்றில் தூக்கிப் போட்டுத்தானே எங்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கிணற்றில் தூக்கிப் போடப்பட்டு நீச்சல் கற்றவர்கள் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே கிணற்றில் போடப்பட்டு, நாற்பது வயதிலும் குற்றாலம் போனால் கரையில் துணிகளுக்குக் காவல் இருப்பவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஆகவே நம் காதில் விழுவது முதல் கட்சியின் கதை மட்டும்தான்.

அந்தக் கிணற்றுப் பாடத்தையும் சரியாகப் பாருங்கள். விவரமான தாத்தாவோ மாமாவோ முதல் நாளே தூக்கிப் போடுவதில்லை. இடுப்பில் கயிறு கட்டுவார், அல்லது முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவார். பிற்காலத்தில் லாரி ட்யூப் வந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து கால் மட்டும் அடிக்க வைப்பார். பிறகு படியைப் பிடித்துக்கொண்டு மிதப்பது. பிறகு அவர் கைமேல் குப்புறப் படுத்து அடிப்பது. குடுக்கையை அவிழ்க்கும் நாள் எது என்று அவருக்குத் தெரியும். இது அச்சு அசலாக எக்ஸ்போஷர்தான்.

ஒரே மூச்சில் செய்கிற முறையும் மருத்துவத்தில் இருக்கிறது. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989-ல் ஒரே அமர்வுச் சிகிச்சையை விவரித்தார். சிலந்திப் பயம், நாய்ப் பயம் போன்றவற்றுக்கு மூன்று மணி நேரம்வரை ஒரே உட்காரலில் செய்வார்கள். ஆனால் அங்கேயும் ஒவ்வொரு படியிலும் "இதைச் செய்யலாமா?" என்று கேட்டு, சிகிச்சையாளர் முதலில் தான் செய்து காட்டி, சம்மதித்த பிறகே நகர்வார்கள். சம்மதம் இல்லாமல் தள்ளுவது சிகிச்சையில் சேராது. நண்பனின் கழுத்தில் ரப்பர் பல்லியைப் போட்டுவிட்டுப் 'பயத்தைத் தெளிய வைத்தேன்' என்பதெல்லாம் வெறும் குசும்பு.

ஊசியை, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கியே விழுந்துவிடுகிறேன். நானும் அப்படியே போய் நிற்கலாமா?

உங்கள் கதை வேறு. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் வருவது போலத் தோன்றுமே தவிர வருவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டு வரும் பயத்தில் மட்டும் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுகிறார். இது கோழைத்தனம் இல்லை, உடம்பின் எதிர்வினை. குடும்பத்தில் பலருக்கு இருப்பதையும் பார்க்கலாம்.

இவர்கள் செய்யக் கூடாதது தளர்வாக மூச்சுவிட்டு 'ரிலாக்ஸ்' ஆவது. அது அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும். செய்ய வேண்டியது தசைகளை இறுக்குவது. இதையும் ஓஸ்ட் குழுவினர் 1987-ல் விவரித்திருக்கிறார்கள். உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிற்றுத் தசைகளை நன்றாக இறுக்குங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரியும். அப்போது விடுங்கள், ஒரேயடியாகத் தொளதொளவென்று ஆக வேண்டாம், சாதாரண நிலைக்கு வந்தால் போதும். இருபது முப்பது விநாடி கழித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. வீட்டில் சில நாள் பழகிவிட்டு, பிறகு ஊசியின் படம், ஊசி போடும் வீடியோ, ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசல் என்று போகலாம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்றவற்றை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிக்கும். "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கறேன்" என்று லேப் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் தினமும் பார்ப்பதுதான். உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறுக்கிப் பார்க்க வேண்டாம்.

நாய்ப் பயத்துக்குத் தெருநாய்களிடம் போய்ப் பழகலாமா?

கூடாது. இந்த முறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எதிர்கொள்ளும் பொருள் உண்மையில் பெரிய ஆபத்து இல்லாததாக இருக்க வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவு. தெரியாத தெருநாய், அதிலும் குட்டி போட்ட நாய், கூட்டமாகத் திரியும் நாய்கள் எல்லாம் ஒதுங்க வேண்டியவை. தெரிந்தவர் வீட்டில் சாதுவான, தடுப்பூசி போட்ட, வயதான நாய் ஏதாவது இருக்கும். அது கட்டியிருக்கும்போது கேட்டுக்கு வெளியே நிற்பதில் தொடங்குங்கள்.

கடி பட்டுவிட்டால் அது பயிற்சியின் பாகம் என்று விட்டுவிடாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

மேடையில் பேச, ஆங்கிலத்தில் பேச, போன் எடுக்கக்கூடப் பயம். இதற்கும் பலிக்குமா?

பலிக்கும், ஆனால் இங்கே பயப்படுகிற பொருள் கண்ணுக்குத் தெரியாது. அது அடுத்தவர் மனதில் ஓடுவதாக நாம் நினைத்துக்கொள்கிற ஒன்று.

காந்தி 1891-ல் லண்டனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பியவர். பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, கோர்ட்டே சுற்றுவது போல இருந்தது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய ஃபீஸும் திரும்பிப் போனது. 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் கூட்டத்தில் பேசியதைத்தான் தன் முதல் பொதுப் பேச்சு என்கிறார். அதற்கப்புறம் அங்கே கூட்டங்கள் வழக்கமாக நடந்தன, இவரும் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் எந்த மந்திரமும் நடக்கவில்லை.

உங்கள் பயிற்சியை மேடையில் தொடங்க வேண்டும் என்று இல்லை. ஜவுளிக்கடையில் பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பிடிக்கலீங்க" என்று சொல்லி வெறுங்கையோடு வெளியே வாருங்கள். இதைச் செய்ய முடியாமல் வேண்டாத புடவைகளை வாங்கி அலமாரியை நிரப்பியவர்கள் எத்தனை பேர்! பேருந்தில் நடத்துநரிடம் மீதிச் சில்லறையைச் சத்தமாகக் கேளுங்கள். கூட்டத்தில் தெரிந்தே ஒரு சந்தேகத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசும்போது வேண்டுமென்றே ஒரு இடத்தில் நிறுத்தி, ஐந்து விநாடி மௌனமாக இருந்துவிட்டுத் தொடருங்கள். 'தடுமாறினால் எல்லாரும் சிரிப்பார்கள்' என்று முன்பே எழுதி வைத்துவிட்டுத் தடுமாறிப் பார்ப்பதுதான் இதில் பாடம். பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. எப்போதாவது ஒருவர் சிரித்தாலும் அன்று மாலை டீ குடிக்க முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மாத்திரை போட்டுக்கொண்டு போனால்?

தூக்க மாத்திரை வகைப் பதற்றக் குறைப்பிகளை ஒவ்வொரு முறையும் போட்டுக்கொண்டு போனால் பயிற்சியே வீணாகலாம், கற்றது பதியாது. அவை பழக்கமாகிவிடும் என்பது தனி ஆபத்து. மேடை நடுக்கத்துக்குச் சிலர் போடும் ப்ரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள். மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தை இதைப் படித்துவிட்டு நிறுத்தவும் வேண்டாம். பயிற்சியை ஆரம்பிப்பதாக அவரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் பயத்துக்கும் இதையே செய்யலாமா?

செய்யலாம், பீட்டரே குழந்தைதானே. ஆனால் முதலில் பெரியவர்கள் வாயைக் கட்ட வேண்டும். "சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்", "அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மூன்று வேளையும் சோறோடு ஊட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை ஏன் இப்படி அலறுகிறது என்று ஆச்சரியப்படுகிறோம். ஊசிக்கு முன் "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். அது பொய் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், அடுத்த முறை உங்களை நம்பாது. "சுருக்குன்னு வலிக்கும், அப்புறம் போயிடும்" என்றால் போதும். இருட்டறையைத் தண்டனைக்குப் பயன்படுத்தும் வீட்டில் இருட்டுப் பயம் போகவே போகாது.

வயதாகிவிட்டதே, இனிமேல் மாறுமா?

மாறும். அறுபதிலும் எழுபதிலும் மாறியவர்கள் இருக்கிறார்கள். மூட்டு வலி வந்து படியேற முடியாமல் போன பிறகுதான் லிஃப்டைப் பழகுகிறவர்களே அதிகம்.

பயம் போய்விட்டது என்று நினைத்தேன், திரும்ப வந்துவிட்டது. எல்லாம் வீணா?

வீணில்லை. பழைய பயம் அழிந்துபோவதில்லை, அதற்குப் பக்கத்தில் 'ஒன்றும் ஆகாது' என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். நீண்ட நாள் இடைவெளி விட்டாலோ, இடம் மாறினாலோ, வேறு ஏதாவது அதிர்ச்சி நேர்ந்தாலோ பழையது தலைதூக்கும். அடங்கிவிட்ட எதிர்வினை சிறிது காலம் கழித்துத் தானாகத் திரும்புவதை, நாய்களை வைத்து ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே பார்த்தார். பீட்டருக்கும் நடந்தது. நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவனுக்கு இடையில் கடும் காய்ச்சல். ஏறக்குறைய இரண்டு மாதம் மருத்துவமனை. அங்கிருந்து வெளியே வந்து காரில் ஏறும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. முயல் பயம் பழையபடி வந்துவிட்டது. ஜோன்ஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், இந்த முறைதான் சாப்பாட்டை உடன் சேர்த்தார், கடைசியில் பலித்தது.

இதனால்தான் ஒரே இடத்தில் பழகுவதோடு நிறுத்தக் கூடாது. உங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் பழகியது ஆஸ்பத்திரி லிஃப்டில் செல்லாமல் போகலாம். காலையில், இரவில், தனியாக, கூட்டத்தோடு, ஊருக்குப் போன இடத்தில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பயம் தெளிந்த பின்னும் வாரம் ஒருமுறையாவது எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எப்போது இதை நாமாகச் செய்து பார்க்கக் கூடாது?

விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை போன்றவற்றுக்குப் பிறகு அந்த நினைவே துரத்துகிறது என்றால் தனியாக இறங்காதீர்கள். அதற்கும் இதே அடிப்படையில் சிகிச்சை உண்டு, ஆனால் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழல் நோய்க்கும் (ஓசிடி) அப்படியே. நெஞ்சு படபடப்பு புதிதாக வந்திருந்தால் முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டக் கூடாது. மனச்சோர்வு அதிகமாகி வாழவே பிடிக்கவில்லை என்றால் பயப் பட்டியலை மூடி வைத்துவிட்டு அன்றே உதவி கேளுங்கள்.

யாரிடம் போவது?

இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அந்தப் பெயரைச் சொன்னாலே கிண்டல் செய்யும் பழக்கத்தை நம் சினிமா வளர்த்துவிட்டது. போய்ப் பார்த்தால் புறநோயாளிகள் பிரிவில் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான் சீட்டோடு வரிசையில் நிற்பார்கள். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

தனியாரிடம் போனால், அவர் மனநல மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா, எங்கே பயிற்சி பெற்றவர் என்று தயங்காமல் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே இன்னொன்றும் கேட்கலாம்: "பயப்படற விஷயத்தை நேர்ல பழக்குற சிகிச்சை செய்வீங்களா, இல்ல பேசறது மட்டும்தானா?" எத்தனை அமர்வு ஆகும், இடையில் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொன்னால் அங்கேயே தொடரலாம். நீங்கள் எழுதி வைத்த பட்டியலையும், முன்-பின் குறிப்புகளையும் கையோடு எடுத்துப் போங்கள். முதல் அமர்வில் பாதி நேரம் மிச்சமாகும்.